பழைய ஊர்திகளில் குளிர்நிலைத் தொடக்கச் சிக்கல்

குளிர்நிலைத் தொடக்கச் சிக்கல் என்பது, நெடுநேரம் ஓடாமல் ஆறிக் கிடக்கும் எஞ்சின், குளிர்ந்த அல்லது ஈரமான காலநிலையில் இயங்கத் தொடங்காமல் இருப்பதைக் குறிக்கும். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய பெட்ரோல் ஊர்திகளிலும், பழைய டீசல் ஊர்திகளிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. 2014 இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசடர், அதற்கு முன்பே உற்பத்தி நின்ற பிரீமியர் பத்மினி ஆகியவற்றின் பழைய வண்டிகள் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

காலநிலையும் சிக்கலும்

தமிழ்நாட்டில் இச்சிக்கல் இரு வேறு வடிவங்களில் தோன்றுகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. அங்கு குளிரே முதன்மைக் காரணம். கன்னியாகுமரி மாவட்டச் சமவெளியில் வெப்பநிலை 20 °செ-க்குக் கீழ் இறங்குவது அரிது. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. எனவே அகத்தீசுவரம், தோவாளை வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டில், மழைக்கால அதிகாலையில் வண்டி கிளம்ப மறுத்தால், குளிரைவிட ஈரம், கடற்காற்றின் உப்பு, உறுப்புகளின் தேய்மானம் ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் மலைப்பகுதியில் செய்வதுபோல் சோக்கை நெடுநேரம் இழுத்து வைத்தால், பெட்ரோல் மிகுந்து ஸ்பார்க் பிளக் நனைந்து சிக்கல் பெரிதாகும்.

குளிரின் விளைவுகள்

* பேட்டரி: ஈய-அமில பேட்டரியில் மின்சாரம் வேதிவினையால் பிறக்கிறது. வெப்பம் குறையும்போது வினையின் வேகமும் குறையும். 0 °செ-இல் அதன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.
* எஞ்சின் எண்ணெய்: குளிரில் எண்ணெய் தடிப்பதால் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படும்.
* பெட்ரோல்: எஞ்சினில் எரிவது பெட்ரோலின் ஆவியே. குளிரில் ஆவியாதல் குறைவதால், சோக் காற்றின் வழியைச் சுருக்கிக் கலவையில் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுகிறது. இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025 இல் எட்டப்பட்டது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட மிகுந்த வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், ஈரத்தையும் ஈர்க்கும்.
* டீசல்: டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை, அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அழுத்தம் கசிந்து வெப்பம் போதாமல் போகும். பல எஞ்சின்களில் இவ்வெப்பத்திற்குத் துணையாக ஹீட்டர் பிளக் அமைந்திருக்கும்.

ஈரம், உப்பு ஆகியவற்றின் விளைவுகள்

ஸ்பார்க் பிளக்குக்குச் செல்லும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் உடையது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் படர்ந்தாலோ, கம்பியின் உறை வெடித்திருந்தாலோ மின்சாரம் அவ்வழியே கசிந்துவிடும். உப்பு கலந்த ஈரம் இன்னும் எளிதாக மின்சாரத்தைக் கடத்தும்.

பேட்டரி முனைகளில் படியும் வெள்ளை அல்லது பச்சை நிறப் பொடி மின்தடையை உண்டாக்குகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 150 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொண்டால், 0.02 ஓம் தடையே 3 வோல்ட்டை விழுங்கிவிடும். நல்ல பேட்டரியும் பழுதானதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

சரிபார்க்கும் வரிசை

1. சாவியைத் திருப்பும்போது எழும் ஒலியைக் கவனிக்க வேண்டும். 'டக்' என்ற ஒலி மட்டும் எழுந்தாலோ, எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலோ பேட்டரியையும் அதன் முனைகளையும் முதலில் பார்க்க வேண்டும். முழுதாக மின்னேற்றிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.
2. எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றவில்லை எனில், பெரும்பாலும் குறை பேட்டரியில் இல்லை. பெட்ரோல் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தையும் கம்பிகளையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.
3. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது எனக் கொள்ளலாம்.
4. டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக், எரிபொருள் வடிகட்டியில் தேங்கிய நீர், குழாயில் புகுந்த காற்று ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.
5. ஒவ்வொரு முயற்சியும் 10 நொடிகளுக்கு மேற்படாமல், இடையே ஒரு நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். இல்லையெனில் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெடும், பேட்டரியும் தீர்ந்துவிடும்.

எச்சரிக்கை

கார்புரேட்டரில் நேரடியாகப் பெட்ரோல் ஊற்றி எஞ்சினை இயக்க முயல்வது தீ விபத்துக்கு வழிவகுக்கும். தீப்பொறியைச் சோதிக்கும்போது அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. மழைக்காகக் கதவை மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உயிரைப் பறிக்க வல்லது.

தடுப்பு முறைகள்

பருவமழை தொடங்குமுன் பேட்டரி முனைகளைத் தூய்மைசெய்து வாசலின் பூசுதல், வெடித்த கம்பிகளை மாற்றுதல், வடிகட்டியில் தேங்கிய நீரை வெளியேற்றுதல் ஆகியவை இச்சிக்கலைப் பெருமளவு தவிர்க்கும். நெடுநாள் நிறுத்திவைக்கும் வண்டியை வாரம் ஒருமுறை திறந்த வெளியில் சிறிது தொலைவு ஓட்டுவதும் பயன் தரும்.