வேன் வாங்க லோன் போடுறீங்களா? தடைக்கால மாசத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்க!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் மாவட்டம் கருக்களாச்சேரி போன்ற மீனவ கிராமங்களில், விசைப்படகுத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு வருடத்தில் ஓய்வு கிடைப்பது அப்போதுதான். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் லீவு. "நமக்குன்னு ஒரு வேன் இருந்தா எல்லாரும் ஒண்ணா கொடைக்கானல் போயிட்டு வரலாம்ல?" என்ற பேச்சு வீட்டில் எழுவது இயல்புதான்.

இப்போது பின்பக்கம் படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்த கேம்பர் வேன் வீடியோக்கள் செல்பேசியில் நிறைய வருகின்றன. கூடவே "ஐந்தே நிமிடத்தில் வாகனக் கடன்" என்ற விளம்பரமும் வருகிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊர் சுற்ற நேரம் கிடைக்கும் அதே இரண்டு மாதம்தான் கையில் வருமானம் இல்லாத மாதமும். கடலுக்குத் தடைக்காலம் உண்டு. டியூ தேதிக்குத் தடைக்காலம் கிடையாது.

எனவே கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும், கடன் முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். இதில் பெரும்பாலானவற்றை உங்கள் ஸ்மார்ட்போனிலேயே முடித்துவிடலாம்.

முதல்ல ஒரு கணக்கு

ரூ.10 லட்சம் கடன், ஆண்டுக்கு 10 சதவீதம் குறையும் இருப்பு வட்டி என்று வைத்துக்கொள்வோம்.

• 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.21,247. மொத்த வட்டி சுமார் ரூ.2.75 லட்சம்.
• 7 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.16,601. மொத்த வட்டி சுமார் ரூ.3.95 லட்சம்.

"மாசம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டால் 7 வருடம்தான் லாபம் போலத் தெரியும். ஆனால் அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது ரூ.1.20 லட்சம்.

இப்போது தடைக்காலத்தைச் சேருங்கள். 5 வருடக் கடனில் இரண்டு மாதத் தவணை ரூ.42,494. அதை மற்ற பத்து மாதத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்றால் மாதம் ரூ.4,250 தனியாக எடுத்து வைக்கணும். ஆக, தொழில் நடக்கும் மாதத்தில் உங்கள் உண்மையான சுமை ரூ.21,247 இல்லை, ஏறக்குறைய ரூ.25,500. ஐப்பசி, கார்த்திகையில் புயல், மழை என்று படகு கரையில் நிற்கும் நாட்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இன்னொரு கேள்வி: வருடத்தில் எத்தனை நாள் அந்த வேனில் போவீர்கள்? 15 நாள் என்றால், ஒரு வருடத் தவணையான ரூ.2,54,964-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சுமார் ரூ.17,000 வருகிறது. டீசல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் தனி. வாடகை வேனுக்கு அன்றாடம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொழிலுக்கும் வீட்டுத் தேவைக்கும் சேர்த்து 150 நாள் ஓடுகிற வண்டி என்றால் கணக்கே வேறு.

"8 சதவீதம்தான்" என்றால் உஷார்

சில இடங்களில் "ஃப்ளாட் வட்டி 8 சதவீதம்" என்பார்கள். கேட்க 10-ஐ விடக் குறைவாகத்தானே இருக்கிறது? ஃப்ளாட் வட்டியில், நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு ரூ.10 லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். 5 வருடத்துக்கு வட்டி ரூ.4 லட்சம், மாதத் தவணை ரூ.23,333. குறையும் இருப்பு முறையில் இது சுமார் 14 சதவீத வட்டிக்குச் சமம்.

இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் ரிசர்வ் வங்கி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கு வழங்கும் சில்லறைக் கடன்களுக்கு, வங்கியும் நிதி நிறுவனமும் 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும். இதை கே.எஃப்.எஸ். என்பார்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுத்து, விளக்கியும் சொல்ல வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை:

• ஆண்டுச் சதவீத விகிதம். வட்டியோடு பிராசசிங் கட்டணம், கடனோடு சேர்த்து வாங்கும் இன்சூரன்ஸ் போன்ற செலவுகளையும் சேர்த்த எண் இது. இரண்டு இடத்தில் விசாரித்தால் இந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.
• எந்த மாதம் எவ்வளவு என்ற தவணை அட்டவணை.
• தவணை தவறினால் என்ன அபராதம். அபராதத் தொகையின் மேல் மறுபடி வட்டி போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.
• முன்கூட்டியே கடனை அடைத்தால் கட்டணம் உண்டா என்பது. நிலையான வட்டிக் கடனில் இது இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னைக்கே சைன் பண்ணாதான் ஆஃபர்" என்றால் அவசரப்படாதீர்கள். தடைக்காலத்தை மனதில் வைத்துத் தவணையை அமைத்துத் தர முடியுமா என்று கேட்க வேண்டிய நேரமும் இதுதான். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் செல்லாது.

சிபில் ஸ்கோரை நீங்களே பாருங்க

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அவர்களுடைய சொந்த இணையதளத்துக்கே போய்ப் பாருங்கள். ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். எப்போதோ அடைத்த கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் ஐந்தாறு இடத்தில் லோனுக்கு விண்ணப்பித்தால் ஸ்கோர் குறையக்கூடும்.

மச்சானுக்கு, பங்காளிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனும் உங்கள் அறிக்கையில் வரும். அவர் தவணை தவறினால் பாதிப்பு உங்களுக்கும்தான்.

சொந்தத்துக்கா, வாடகைக்கா?

"நாம போகாத நாள்ல வாடகைக்கு விட்டு டியூ கட்டிக்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இதை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தனிப்பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் 'போக்குவரத்து அல்லாத வாகனம்' என்ற வகையில் வரும்; வெள்ளை போர்டு. கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால் மஞ்சள் போர்டு, பர்மிட், எஃப்.சி., அதற்கான இன்சூரன்ஸ், அதற்கான வரி எல்லாம் வேண்டும். கடனும் வணிக வாகனக் கடனாக இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம். ஆனால் வண்டி இல்லாவிட்டாலும் டியூ நிற்காது.

கேரளாவில் 2021-இல் 'கேரவன் கேரளா' என்று அரசே திட்டம் கொண்டுவந்தது. அது சுற்றுலாத் தொழில் செய்பவர்களுக்கானது. அதைப் பார்த்துவிட்டு வீட்டு உபயோக வண்டிக்கும் மானியம் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சாதாரண வேனை வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து கேரவனாக மாற்றுவது இன்னொரு சிக்கல். மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், கடன் கொடுப்பவரிடமும், இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் கேளுங்கள். மாற்றும் செலவு பல சமயம் கடனில் சேராது, கைக்காசுதான்.

பழைய வண்டின்னா நம்பரைத் தட்டிப் பாருங்க

எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் தளத்திலோ வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், எஃப்.சி. விவரங்கள் வரும். வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; அசல் ஆர்.சி.யிலும் ஹெச்.பி. குறிப்பு இருக்கும். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்றும் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஹெச்.பி. இருந்தால் "நான் அப்புறம் கட்டிடுறேன்" என்ற பேச்சை நம்பாதீர்கள். விற்பவருடைய கடன் கணக்கிலேயே நேரடியாகப் பணம் கட்டி, தடையில்லாச் சான்று கைக்கு வந்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய விஷயம் ஒன்று. கருக்களாச்சேரியிலிருந்து தரைவழியாகக் கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாடு. பி.ஒய். 02 வண்டியைத் தமிழ்நாட்டில் இருப்பவர் வாங்கினாலும், தமிழ்நாட்டு வண்டியைக் காரைக்காலில் இருப்பவர் வாங்கினாலும், அது வெளிமாநில வண்டிதான். பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்ற வேண்டும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். வரியும் கட்ட வேண்டும். வரி குறைவு என்பதற்காக உறவினர் முகவரியைக் காட்டிப் பதிவு செய்வது பின்னால் வழக்கில் கொண்டுபோய் விடும்.

செயலி கேட்டா எல்லாத்தையும் கொடுக்காதீங்க

• கடன் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கோ, வண்டி விற்பவர் கணக்குக்கோ கடன் தரும் நிறுவனத்திலிருந்துதான் வர வேண்டும்.
• "லோன் ரெடி, முதல்ல ரூ.5,000 கட்டுங்க" என்றால் அது மோசடி.
• உங்கள் தொடர்பு எண்கள், புகைப்படங்களைக் கடன் செயலி எடுக்கக்கூடாது. அனுமதி கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.
• ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

தவணை தவறிப்போச்சுன்னா?

ஒளியாதீர்கள். டியூ தேதிக்கு முன்பே கிளைக்குப் போய் நிலைமையைச் சொல்லி, எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது, மிரட்டவும் கூடாது.

புகார் இருந்தால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் சி.எம்.எஸ். தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

கடைசி டியூ கட்டினா வேலை முடிஞ்சிடாது

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கடைசித் தவணை கட்டியதும் வண்டி நம்முடையது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி. அப்படியே கிடக்கும். பல வருடம் கழித்து விற்கப் போகும்போதுதான் தெரியும். அந்த நிதி நிறுவனக் கிளையே அப்போது இருக்காது.

1. கடன் முடிந்ததற்கான சான்றும், தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்குங்கள்.
2. பரிவாகன் தளத்தில் 'ஹெச்.பி. ரத்து' சேவையில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.
3. புதிய ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் போய்விட்டதா என்று டிஜிலாக்கரில் பாருங்கள்.
4. இன்சூரன்ஸ் பாலிசியிலும் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

கடன் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, அடமானப் பதிவையும் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. அவர்கள் தரப்பில் தாமதமானால் ஒரு நாளைக்கு ரூ.5,000 வீதம் இழப்பீடு தர வேண்டும்.

ஒரே ஒரு வேலை இன்றைக்கே செய்யுங்கள். வீட்டில் ஏற்கெனவே வண்டி இருந்தால் அதன் எண்ணை எம்பரிவாகனில் தட்டுங்கள். எப்போதோ அடைத்த கடனின் ஹெச்.பி. இன்னும் இருந்தால் அதை முதலில் ரத்து செய்யுங்கள். புதிய வேனைப் பற்றி அப்புறம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, மே மாதத் தவணை எங்கிருந்து வரும் என்று பேசி முடிவெடுக்கலாம்.