மலைப்பள்ளி டீச்சருக்கும் ஓய்வு உண்டு

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சேர்வராயன் மலைப் பள்ளிகளில் வருகைப் பதிவேடு மெலிந்துவிடும். வாழவந்திப் பக்கத்துச் சிற்றூர்களில் தாய் தகப்பன் தோட்டத்துக்குப் போனால், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நின்றுவிடுவாள். நேற்றுவரை எழுத்துக்கூட்டி வாசித்தவளின் இடம் காலியாகக் கிடப்பது டீச்சரின் மனத்தை அரிக்கும். தன்னால் தடுக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வு இரவிலும் விடாது.

அவள் திரும்பி வந்து, விட்ட பக்கத்திலிருந்து வாசித்தால் கிடைக்கும் நிறைவுக்கு ஈடில்லை. ஆனால் அந்த நிறைவைக் காட்டியே ஆசிரியரின் வாயை அடைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "புண்ணியமான வேலை, இதில் போய் லீவு கேட்கலாமா?" என்கிறார்கள். கேட்கலாம். கேட்க வேண்டும்.

தீராத களைப்பு, பிள்ளைகளிடம் ஒட்டாத மனம், என்ன செய்தும் பயனில்லை என்ற எண்ணம்: இவைதான் பணிச்சோர்வின் அடையாளங்கள். சரிசெய்யாமல் விட்ட வேலை நெருக்கடியால் வருவது இது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியது. ஆசிரியர் பலவீனமானவர் என்று அதற்குப் பொருள் இல்லை. கவனிக்காமல் விட்டால் அந்த நெருக்கடி கடைசியில் பிள்ளையின் முதுகில்தான் இறங்கும். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது.

2009இல் இயற்றிய அதே சட்டம் ஆசிரியருக்கும் அரண். தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். பாடத் தயாரிப்பையும் வேலை நேரமாகச் சேர்த்து வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் என்கிறது சட்டத்தின் அட்டவணை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது 27ஆம் பிரிவு. ஆள் போதவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு சேர்ந்து தீர்மானம் போடுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு, பழங்குடியினர் நலப் பள்ளியானால் அத்துறையின் திட்ட அலுவலருக்கு, எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையில் மன நோயாளியை உடல் நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும். சிகிச்சை விவரம் ரகசியம். தூக்கம் கெட்டு, காலையில் பள்ளி என்றாலே நெஞ்சு அடைத்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அதற்கும் மேலென்றால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஏற்காடு வழி என்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.