இரண்டு கார்டா, ஒன்றே போதுமா?

"அப்பா, என் கணினியில் இருக்கிற மாதிரியே இன்னொரு கிராபிக்ஸ் கார்டு பழையதாகக் கிடைக்கிறது. விலை மலிவு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் விளையாட்டு இரண்டு மடங்கு வேகமாக ஓடும்" என்று மகன் கேட்கிறான். தாயாருக்குத் தீபாவளிக்கு எடுத்து வைத்திருக்கும் பணம் ஞாபகத்துக்கு வருகிறது. தகப்பனாரோ, "இரண்டு மாடு பூட்டினால் வண்டி வேகமாகப் போகத்தானே செய்யும்?" என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

பெற்றோர்களே, சற்றுப் பொறுங்கள். மாட்டு வண்டியின் கணக்கு வேறு, கார்டின் கணக்கு வேறு.

கிராபிக்ஸ் கார்டு என்பது கணினித் திரையில் தோன்றும் படத்தை வரைந்து கொடுக்கும் அட்டை. விளையாட்டு ஓடும்போது அது ஒரு விநாடிக்கு 60 படம், 100 படம் என்று ஓயாமல் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையை இருவருக்குப் பங்கு போட்டால் என்ன என்ற எண்ணம் புதிதல்ல. 1998இல் வூடூ 2 என்ற கார்டு இரண்டை இணைத்து, திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும்படி செய்தார்கள். 2004இல் என்விடியா நிறுவனம் எஸ்.எல்.ஐ. என்ற பெயரில் அதற்குப் புத்துயிர் கொடுத்தது. மறு ஆண்டே ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயர் என்று போட்டிக்கு வந்தது. அந்த நாளில் வேகமான கணினி வேண்டும் என்றவர்கள் இரண்டு கார்டு போட்டது நியாயம்தான்.

பிறகு ஏன் அது கைவிடப்பட்டது? வகுப்பறையில் நடப்பதைச் சொன்னால் எளிதாக விளங்கும். ஒரு கதையைப் படமாக வரைய இரண்டு பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். முதல், மூன்றாம், ஐந்தாம் பக்கங்கள் ஒருவனுக்கு. இரண்டு, நான்கு, ஆறு மற்றவனுக்கு. பக்கங்களுக்குள் தொடர்பு இல்லாதவரை வேலை பாதி நேரத்தில் முடியும். ஆனால் முந்தின பக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்ததை வரைய வேண்டும் என்றால், இரண்டாமவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இக்கால விளையாட்டுகள் பல, முந்தின படத்தில் இருப்பதை எடுத்து அடுத்த படத்தைச் செப்பனிடுகின்றன. ஆகவே ஒரு கார்டு இன்னொன்றுக்காகக் காத்து நிற்கிறது.

இன்னொரு கோளாறும் உண்டு. மணிக்கு இரண்டு பஸ் என்று அட்டவணை சொல்லும். இரண்டும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்துவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் ஒன்றுமே வராவிட்டால்? கணக்கில் தவறில்லை, காத்து நின்றவருக்குத்தான் கால் வலிக்கும். இரண்டு கார்டு போட்ட கணினியிலும் விநாடிக்கு இத்தனை படம் என்ற எண்ணிக்கை உயர்ந்து நிற்கும். படங்கள் சீரான இடைவெளியில் வராததால் திரை விட்டுவிட்டு ஓடும்.

நினைவகமும் சேராது. 8 ஜி.பி. கார்டு இரண்டு போட்டால் விளையாட்டுக்கு 16 கிடைக்கும் என்று விற்பவர் சொல்லலாம். இரண்டு கார்டும் ஒரே சாமானைத் தனித்தனியே வைத்துக்கொண்டிருப்பதால் வழக்கமாகக் கிடைப்பது அதே 8தான்.

2015இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, இரண்டு கார்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் விளையாட்டை எழுதுபவர் தலையில் வைத்தது. சொற்பப் பேருக்காக யார் அந்தப் பாடு படுவார்கள்? 2021 தொடக்கம் முதல், பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. ஏற்பாடு சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. 2022இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 4090 கார்டில் இணைப்புக்கான வாயே இல்லை. உங்கள் மகன் வைத்திருப்பது 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ் 1060 என்றால் வழக்கு அப்போதே தள்ளுபடி! அதிலும் அந்த வாய் கிடையாது.

சரி, 1080 வைத்திருக்கிறான் என்றே கொள்வோம். அதில் இணைக்கலாம். ஒன்று முழு வேகத்தில் 180 வாட் இழுக்கும்; இரண்டு சேர்ந்தால் 360. நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 32 யூனிட். 2023இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 4060 ஒரு 1080ஐ விட வேகமானது. இழுப்பது 115 வாட், மாதத்துக்குப் பத்து யூனிட் சொச்சம்தான். இரண்டு கார்டுக்குப் பெரிய பவர் சப்ளை, அகலமான மதர்போர்டு, கூடுதல் காற்றாடி என்று செலவு நீளும். மலிவு என்று வந்த சாமான் வீட்டுக்குள் வந்தபின் கை நீட்டும் கதைதான்.

கணினியில் முப்பரிமாணப் படம் தயாரிக்கும் பிள்ளைக்கு மட்டும் கணக்கு மாறும். பிளெண்டர் போன்ற மென்பொருள் இரண்டு கார்டுகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடும். அவன் கேட்டால் காது கொடுங்கள்.

வாங்கப் போகுமுன் வீட்டிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன விளையாட்டு? டோட்டா 2, வெலோரண்ட் போன்றவைதான் என்றால் அவற்றுக்குப் பெரிய கார்டே தேவையில்லை. திரை விநாடிக்கு எத்தனை படம் காட்டும்? 60தான் என்றால், கார்டு 150 படம் வரைந்து கொடுத்தாலும் கண்ணுக்கு அத்தனையும் வந்து சேராது. திரையை மாற்றுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

சாலாக் செலாத்தானிலிருந்து எல்.ஆர்.டி. ஏறி ஹங் துவாவில் இறங்கி, மோனோரெயில் பிடித்தால் அடுத்த நிறுத்தம் இம்பி. அங்கிருந்து லோயாட் பிளாசா நடை தூரம்தான். ஒரே கடையில் முடிவெடுக்காமல் மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். பழைய கார்டு வாங்குவதானால் கூடுதல் கவனம் வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு, அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகப் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. கடையிலேயே கணினியில் பொருத்தி, மகன் விளையாடும் அதே விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காற்றாடிச் சத்தத்தைக் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டில் இருக்கும் பழைய கார்டையும் கையோடு கொண்டு போங்கள். அதை எடுத்துக்கொண்டு விலையைக் குறைக்கும் கடை அகப்படலாம்.