தயங்குவது துகளா, அளவீடா?

நீரில் மிதக்கும் நுண்துகள் என்ன வேகத்தில் நகர்கிறது என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. 1908 வாக்கில் பாரிஸில் ழான் பெரன், மஞ்சள் மரப்பிசின் மணிகளின் இடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை குறித்துப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தார். விநாடிக்கு ஒருமுறை குறித்தால் ஒவ்வொரு கோடும் அதே அளவு சிக்கலான பாதையாகப் பிரியும் என்று எச்சரித்தவரும் அவரே. அடிக்கடி பார்க்கப் பார்க்கப் பாதை நீளும், வேகமும் கூடும். 1905இல் ஐன்ஸ்டைன் காட்டிய வழி வேறு. இடப்பெயர்ச்சியின் வர்க்கங்களுக்குச் சராசரி எடுத்தால், அது கால இடைவெளிக்கு நேர்விகிதத்தில் வளரும். அந்த விகிதத்திலிருந்து பெரன் அவகாட்ரோ எண்ணையே கணக்கிட்டார்.

இன்று கேமராவும் கணினியும் செய்வதும் இதே கணக்குதான். செல்லுக்குள் நகரும் துகளின் சராசரி வர்க்கம் நேர்விகிதத்தைவிட மெதுவாக வளர்ந்தால், அங்கே நெரிசல், துகள் தடைபடுகிறது என்று முடிவு கட்டுகிறார்கள். இங்கேதான் சந்தேகம் வேண்டும். துகளின் இடத்தைக் கணிப்பதில் நேரும் பிழை, எல்லா இடைவெளிகளிலும் சராசரி வர்க்கத்தோடு ஒரே அளவைக் கூட்டிவிடுகிறது. குறுகிய இடைவெளிகளில் வரைகோடு தூக்கலாகத் தொடங்குவதால், மடக்கை வரைபடத்தில் சாய்வு, நேர்விகிதத்தைக் குறிக்கும் 1க்குக் கீழே இறங்குகிறது. தடையே இல்லாத நீரிலும் தடை தெரியும்! வேகமான கேமரா வாங்கினால் தீராதா? தீராது, மோசமாகும். ஒரு மைக்ரான் விட்டமுள்ள மணி நீரில் 1 விநாடியில் சுமார் 1.3 மைக்ரான் விலகும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் விலகுவது 40 நானோமீட்டர்தான். இடக்கணிப்புப் பிழையே சில பத்து நானோமீட்டர் இருக்கக்கூடும். நீண்ட இடைவெளிகளை நம்பலாமா என்றால், அங்கே தரவு வற்றிவிடுகிறது. 100 அடிகள் (ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் நேரும் நகர்வுகள்) கொண்ட தடத்தில் 50 அடி இடைவெளிக்கு ஒன்றன்மேல் ஒன்று படியாத துண்டுகள் இரண்டே. மற்றவை பெரும்பாலும் அதே தரவின் மறுபதிப்பு.

அப்படியானால் தடைபட்ட நகர்வு என்பதே பொய்யா? இல்லை. எ.கோலி பாக்டீரியாவுக்குள் ஆர்என்ஏ மூலக்கூறுகளைத் தொடர்ந்த கோல்டிங்கும் காக்ஸும் 2006இல் சுமார் 0.7 என்ற சாய்வைக் கண்டார்கள். செல்லின் உள்ளே நெரிசல் உண்மையானது. ஆனால் சாய்வு மட்டும் சாட்சியாகாது. முதலில், கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் மணியை அதே கேமராவில் படமெடுத்துப் பிழையை அளந்து கழிக்க வேண்டும். பிறகு அடுத்தடுத்த அடிகளின் உறவைப் பார்க்கலாம். அளவீட்டுப் பிழை பக்கத்து அடியை மட்டுமே எதிர்த்திசையில் இழுக்கும். ஜெல் போன்ற ஊடகம் பின்னுக்கு இழுத்தால், அந்த எதிர்ப்பு பல அடிகள் தாண்டியும் மெல்லத் தேய்ந்தபடி தொடரும்.