ஏடுகள் காட்டும் கொடிவழி

நுழையும்முன்

பாட்டன் பெயரை நாம் அறிவோம். பூட்டன் பெயரை வீட்டின் மூத்தோர் எவரேனும் அறிந்திருப்பர். ஓட்டன் பெயரைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் விடை கிடைப்பதில்லை. அரசர்க்கு மெய்க்கீர்த்தியும் செப்பேடும் உண்டு. ஆழ்கடலில் மூச்சடக்கி முத்தெடுத்தவர்க்கு அத்தகைய சான்று ஏதேனும் உண்டா? உண்டு என்கின்றன முத்துக்குளித்துறையின் பழைய பதிவேடுகள். அவற்றைப் படித்தறியும் வழிகளை இவ்வுரைநடை விளக்குகின்றது.

பெயர் சொல்வதும் சொல்லாததும்

தாமிரவருணியின் நீரைத் தூத்துக்குடி நகருக்குக் கொணர்ந்த நகர்மன்றத் தலைவர் குரூஸ் பர்னாந்து. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் முதல் ஆயராகப் பொறுப்பேற்றவர் திபூர்சியுஸ் ரோச். வேம்பாறு முதல் மணப்பாடு வரையுள்ள கடற்கரை ஊர்களில் பர்னாந்து, கோமஸ், மச்சாது, கொரேரா, மிராந்தா, வாஸ், மோத்தா எனும் பெயர்களை வீதிதோறும் கேட்கலாம். இப்பெயர்களைக் கேட்கும் வெளியூரார், இவர்கள் போர்ச்சுக்கீசியர் வழிவந்தோர் போலும் என எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் பெரும்பாலும் பிழையானது.

1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர், முத்துச்சலாப உரிமை பற்றிய பூசலில் நெருக்கடிக்கு உள்ளாயினர். அவர்தம் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சியிலிருந்த போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினர், திருமுழுக்கும் பெற்றனர். அதனைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராகக் கிறித்தவம் தழுவினர். பிரான்சிசு சவேரியார் 1542இல் இக்கரைக்கு வருமுன்னரே இது நிகழ்ந்துவிட்டது. திருமுழுக்கின்போது ஒவ்வொருவருக்கும் ஒரு புனிதரின் பெயர் சூட்டப்பெற்றது. உடன்நின்ற ஞானத்தந்தையின் குடும்பப்பெயரும் துணைப்பெயராக வந்து சேர்ந்தது. ஞானத்தந்தையாய் நின்றவர் போர்ச்சுக்கீசிய வணிகராகவோ படைவீரராகவோ இருக்கலாம். அவர் பெயர் இங்கே தங்கியது. அவர் குருதி தங்கவில்லை.

இதிலிருந்து ஆய்வாளர் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. பர்னாந்து என்னும் பெயருடைய இரு குடும்பங்கள் ஒரே மூதாதையின் கிளைகளாய் இருக்க வேண்டுவதில்லை. ஒரே குடியில் பிறந்தோர் வெவ்வேறு ஞானத்தந்தையரால் வெவ்வேறு துணைப்பெயர் பெற்றிருக்கவும் கூடும். எனவே துணைப்பெயரை மட்டும் பற்றிக்கொண்டு கொடிவழி வரைதல் ஆகாது.

ஏடு பிறந்த கதை

திருமணத்தையும் அதன் சாட்சிகளையும் பங்குத்தந்தை ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். திருமுழுக்கில் ஞானப்பெற்றோராய் நின்றவர் பெயரையும் குறித்தல் வேண்டும். இவ்விதியை 1563இல் வகுத்தது இத்தாலியின் திரெந்து நகரில் கூடிய திருச்சங்கம். 1614இல் வெளியான உரோமைச் சடங்குநூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடுகளையும், பங்கிலுள்ள குடும்பங்களை வீடுவாரியாகக் குறிக்கும் ஐந்தாவது ஏட்டையும் வைக்குமாறு பணித்தது. அயலகத்திலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய மாசசூசெட்சில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்னும் ஆணை 1639இல் பிறந்தது. 1620இல் மேபிளவர் கப்பலில் அங்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் 1897இல் ஒரு சங்கம் அமைத்தனர். அதில் சேர விரும்புவோர் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணச்சான்று காட்டியாக வேண்டும். ஒரு தலைமுறைக்குச் சான்று இல்லையெனில் அதற்கு மேலுள்ள பெயர்கள் கணக்கில் வாரா. நம் கடற்கரைக் குடும்பங்களை ஆராய்வோர்க்கும் இதுவே தக்க அளவுகோல்.

இவ்வேடுகள் குடிவரலாறு எழுதும் நோக்கத்தில் தோன்றியவை அல்ல. திருவருட்சாதனங்களை முறைப்படுத்தவே எழுதப்பெற்றவை. ஆயினும் அவற்றால் விளைந்த பயன் பெரிது. 1806இல் பனிமய அன்னைக்குத் தங்கத்தேர் செய்தளித்த சாதித்தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமசின் பெயரை வரலாறு தானே நினைவில் வைத்துக்கொண்டது. தேர்வடம் பிடித்த தோணிக்காரரின் பெயரை எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. திருமுழுக்கேட்டிலோ தலைவரின் குழந்தைக்கும் தோணிக்காரரின் குழந்தைக்கும் ஒரே வகையான வரிதான். அவ்வரியில் தாயின் பெயரும் உண்டு. தந்தையின் பெயரை மட்டுமே சொல்லும் நிலப்பத்திரங்களினின்று இவ்வேடு வேறுபடுவது இங்கேதான்.

ஒருவர், நான்கு பெயர்

ஏட்டைத் திறந்தவுடன் எதிர்ப்படும் இடர் மொழி. எழுதிய குருவுக்கு ஏற்பப் போர்ச்சுக்கீசியம், இலத்தீன், தமிழ், பிற்காலத்தில் ஆங்கிலம் என எழுத்தும் மொழியும் மாறும். போர்ச்சுக்கீசியத்தில் 'பில்யோ' என்பது மகன்; 'பத்ரீன்யு' என்பது ஞானத்தந்தை. இலத்தீனில் இவை 'பிலியுஸ்', 'பத்ரீனுஸ்' என வரும். இத்தகைய சொற்கள் இருபதை அறிந்துகொண்டால் ஏட்டின் பெரும்பகுதியைப் படித்துவிடலாம்.

பெயர்களோ அவ்வளவு எளியன அல்ல. நம் முன்னோர் புனிதர் பெயர்களை ஒலிபெயர்த்ததோடு நில்லாமல் பொருள்பெயர்த்தும் வழங்கினர். பவுலுஸ் என்பதற்குச் 'சிறியவர்' எனப் பொருள்; ஆகவே அவர் சின்னப்பர் ஆனார். ஸ்தேபான் என்பதற்கு 'முடி' எனப் பொருள்; ஆகவே அவர் முடியப்பர் ஆனார். பேதுரு இராயப்பராகவும், யோசேப்பு சூசையப்பராகவும், தொமினிக் சாமிநாதராகவும் வழங்கினர். ஆதலின் வீட்டில் சின்னப்பன் என அழைக்கப்பெற்ற ஒருவர், போர்ச்சுக்கீசியக் குரு எழுதிய திருமுழுக்கேட்டில் பவுலோ எனவும், இலத்தீனில் எழுதப்பெற்ற திருமண ஏட்டில் பவுலுஸ் எனவும், ஆங்கிலேயர் காலப் பத்திரத்தில் பால் எனவும் காணப்படலாம். இவர்களை நால்வராகக் கொண்டால் கொடிவழி குலைந்துபோகும்.

துணைப்பெயரும் எழுதுவோர் கையில் உருமாறும். பெர்னாந்தெஸ், பர்னாந்து, பெர்னாண்டோ என்பன ஒரு பெயரின் மூன்று வடிவங்களே. எழுத்துவேறுபாட்டைக் கொண்டு ஆளை வேறுபடுத்துதல் இங்குச் செல்லாது.

காலக்குறிப்பும் கவனத்திற்குரியது. திருநெல்வேலிச் சீமையின் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வழங்கியது. ஆவணியில் பிறக்கும் அவ்வாண்டுடன், மார்கழி முற்பகுதி வரையுள்ள நாள்களுக்கு 824ஐயும், சனவரி முதல் ஆடி வரையுள்ள நாள்களுக்கு 825ஐயும் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1020 ஐப்பசி என்பது 1844. அதே ஆண்டின் தை என்பது 1845. பிரபவ, விபவ எனத் தமிழாண்டின் பெயர் மட்டும் இருப்பின் இடர் மிகும். பிரபவ என்பது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். உடனுள்ள வேறு செய்திகளைக் கொண்டே அறுபதாண்டு ஐயத்தைத் தீர்த்தல் வேண்டும்.

பின்னோக்கி நடத்தல்

புகழ்பெற்ற முன்னோர் ஒருவரை முதலில் தேர்ந்துகொண்டு, அவரிடமிருந்து தம்மிடம் வர முயல்வோர் உளர். அது வேண்டிய முடிவை முன்னரே எழுதிவைப்பது போன்றது. அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிப் பின்னோக்கிச் செல்வதே முறை. தம் பெற்றோரின் திருமணப் பதிவில் தொடங்கினால் அதில் இருவரின் பெற்றோர் பெயர்களும் கிடைக்கும். திருமணத்தின்போது மணமக்களின் வயது ஏறத்தாழ இருபதெனக் கொண்டு, அத்தனை ஆண்டுகள் பின்சென்று திருமுழுக்கேட்டைப் புரட்ட வேண்டும். அதில் கிடைக்கும் பெற்றோரின் திருமணத்தை அடுத்துத் தேட வேண்டும். திருமணம், திருமுழுக்கு, மீண்டும் திருமணம் என ஒவ்வொரு படியாக ஏறுதல் இதன் இயல்பு.

படியேறும்போது வழுக்கும் இடம் ஒன்றுண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழ் மரபு. 'பெயரன்' என்னும் சொல்லே அதனை உணர்த்தும். இதனால் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் மூவர் வாழ்ந்திருப்பர். ஒரு பாட்டனின் ஆண்மக்கள் மூவரும் தத்தம் தலைமகனுக்குத் தந்தையின் பெயரையே இட்டிருப்பர் அல்லரோ! அவர்களைப் பிரித்தறிய உதவுவது தாயின் பெயர். அதுவும் ஒத்திருப்பின் ஞானப்பெற்றோரை நோக்க வேண்டும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினராதலின், அவ்வரி குடும்பத்தின் மற்றொரு கிளைக்கும் வழிகாட்டும்.

திருமண ஏட்டில் நம் மரபறிவு பெரிதும் பயன்படும் இடம் தடைவிலக்குக் குறிப்பு. நெருங்கிய இரத்த உறவினர் மணந்துகொள்ளத் திருச்சபைச் சட்டம் தடைவிதித்தது. தமிழர் வழக்கிலோ மாமன் மகளும் அத்தை மகளும் உரிமைப் பெண்கள். எனவே அத்தகைய மணத்திற்குத் தனியே விலக்குப் பெற்று, அதனை ஏட்டில் குறித்தனர். 'இரண்டாம் படி இரத்த உறவு' என்னும் பொருளில் இலத்தீனில் ஒரு தொடர் இருப்பின், மணமக்கள் பாட்டன் பாட்டியரைப் பொதுவாக உடையவர் என்பது அதன் கருத்து. சிற்றப்பன் மகளும் சிற்றன்னை மகளும் நம் வழக்கில் தங்கை முறையினர். அவர்களை மணத்தல் இல்லை. ஆகவே மணமகனின் பெற்றோருள் ஒருவரும் மணமகளின் பெற்றோருள் ஒருவரும் அண்ணன் தங்கையாகவோ அக்காள் தம்பியாகவோதான் இருத்தல் வேண்டும். இத்தாலியிலிருந்து வந்து இவ்வேட்டைப் படிப்பவர்க்கு அந்தத் தொடர் ஒரு சட்டக்குறிப்பு மட்டுமே. தமிழ் உறவுமுறை அறிந்த பதினாறு வயது மாணவர்க்கோ அது இரண்டு தலைமுறைகளைத் திறந்துகாட்டும் திறவுகோல்.

1908 முதல் நடைமுறைக்கு வந்த விதியொன்றும் நினைக்கத்தக்கது. ஒருவர் எங்கே மணம் புரிந்தாலும், அச்செய்தியை அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரின் ஏட்டு ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது அவ்விதி. முத்துக்குளித்துறையார் பலர் வணிகத்தின்பொருட்டுக் கொழும்பில் குடியேறினர். இலங்கையில் பரதர் எனும் பெயரில் அவர்கள் ஒரு சமூகமாகவே வாழ்கின்றனர். ஊரில் திடீரெனச் சுவடின்றி மறைந்த ஒருவரை அக்கரையில் கண்டுபிடிக்க, ஓரத்தில் எழுதிய ஒரு வரி போதும்.

ஏட்டுக்கு வெளியே

1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருமார்க்கு இடம் தர மறுத்தனர். ஆட்சியாளரின் சமயத்திற்கு மாறப் பரதவர் இசையவில்லை. கோவிலுக்கு இடையூறு நேர்ந்த காலத்தில் ஏட்டுக்கும் இடையூறு நேரும். டச்சுக் கும்பினியின் ஆவணங்கள் இன்று நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலும், கொழும்பிலும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. ஆயின் அவை முத்துச்சலாபத்தின் வருவாய், தோணிகளின் எண்ணிக்கை, பட்டங்கட்டிகளுக்குரிய கல் உரிமை போன்றவற்றில் கருத்தூன்றியவை. குளியாளி கீழிறங்கப் பயன்பட்ட கல்லே அங்கே கணக்கின் அலகு. தலைவர் பெயர் கிடைக்கும். மூழ்கியவர் பெயர் கிடைப்பது அரிது. 1825இல் தூத்துக்குடி ஆங்கிலேயரிடம் முற்றாகச் சென்ற பின்னர் நிலப்பத்திரங்கள் பெருகின. அவற்றின் நான்கெல்லைக் குறிப்பில் வரும் அண்டைவீட்டார் பெயர்கள் ஒரு தெருவையே மீட்டெடுக்க உதவும். அக்காலத்து ஆவணங்களில் மாவட்டத்தின் பெயர் திருநெல்வேலி என்றே இருக்கும். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான்.

இதே கரையின் காயல்பட்டினத்தில் இசுலாமியக் குடும்பங்களுக்கு மீசான் கற்கள் சான்றாகின்றன. அரபு மொழியில் இறந்தவர் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் தாங்கிய அக்கற்கள், கரையான் தின்னாத ஏடுகள் எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகளைத் தேடுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். அக்காலத்தில் கோவா வழிவந்த போர்ச்சுக்கீசிய ஞானாதிக்கக் குருமாரும், 1838இல் மீண்டும் மதுரை மறைப்பணிக்கு வந்த இயேசு சபையாரும் இக்கரையில் தனித்தனியே பணிபுரிந்தனர். யார்க்கு எவர்மீது அதிகாரம் என்னும் வழக்கு நெடுநாள் நீடித்தது. தூத்துக்குடியில் பெரிய கோவில் ஒரு தரப்பிலும் சின்னக் கோவில் மறு தரப்பிலும் நின்றன. ஆகவே ஒரே குடும்பத்தில் அண்ணனின் திருமுழுக்கு ஒரு கோவிலிலும் தம்பியின் திருமுழுக்கு மற்றொரு கோவிலிலும் பதிவாகியிருக்கலாம். ஓரிடத்தில் இல்லையெனக் கண்டவுடன் ஏட்டை மூடிவிடலாகாது. இயேசு சபையாரின் பழைய மடல்களும் குறிப்புகளும் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள அவர்தம் ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

தூத்துக்குடியில் முத்துச்சலாபம் இறுதியாக நடந்தது 1961இல். அவ்வாண்டில் இருபது வயதுக் குளியாளியாய் இருந்தவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். எந்தப் பாரில் மூழ்கினார், எவர் கயிறு பிடித்தார், பர்னாந்துகள் நிறைந்த தெருவில் தம் வீட்டைப் பிரித்தறிய ஊரார் வழங்கிய பட்டப்பெயர் யாது என்பன எந்த ஏட்டிலும் இல்லை. அவர் நினைவில் மட்டுமே உள்ளன. கொடிவழி வரையத் தொடங்கும் மாணவர், பங்குத்தந்தையிடம் ஏட்டைப் பார்வையிட இசைவு கேட்பதற்கு முன்னர், குறிப்பேட்டுடன் செல்ல வேண்டிய முதல் இடம் அத்தகையோர் வீட்டுத் திண்ணை.