பெரிய மனுஷி ஆவது எப்போது?



வயசுப் பெண்ணை வைத்திருக்கும் தாய்மார்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் போதும், பேச்சு அங்கேதான் போய் நிற்கும். "எப்படி வளர்க்கிறதுன்னே தெரியலைக்கா. சின்னப் பிள்ளையாவும் இல்லை, பெரியவளாவும் இல்லை" என்பார்கள். ஐம்பதைத் தாண்டிவிட்ட நான், என் பதிமூன்று வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை நடந்ததைச் சொன்னால் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர் பக்கம் ஒரு கிராமம். கண்மாய் பெருகினால் நெல், இல்லையென்றால் கடலை. 1985-ல், எட்டாம் வகுப்பு படிக்கும்போது பெரிய மனுஷி ஆனேன். தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டினார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று அப்பத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினாள். பதினாறாம் நாள் மைக் செட் கட்டி, சீர் வரிசையோடு சடங்கு நடந்தது. அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக ஊரில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். புதுத் தாவணி, தலை கொள்ளாத பூ, "என் ராசாத்தி" என்று திருஷ்டி கழிக்கும் கிழவிகள்!

பதினேழாம் நாள்தான் விஷயம் புரிந்தது. "இனிமே நீ பெரிய மனுஷி. வாசல்ல நிக்காதே, சத்தமாச் சிரிக்காதே, பையன்களோட பேசாதே" என்று அப்பத்தா ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கண்மாய்க்கரை முழுக்கச் சுற்றியவள் நான். அதுவும் அன்றோடு நின்றது. பெரியவளானால் கூட ரெண்டு உரிமை கிடைக்கும் என்று பார்த்தால், இருந்ததும் போய்விட்டது. மாதாமாதம் வரும் அந்த மூன்று நாளைப் பற்றி, துணியை எங்கே காயப் போடுவது என்பதைத் தவிர, எனக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் யாரும் சொன்னதில்லை, பாவம்.

1987-ல் பத்தாம் வகுப்பு தேறினேன். எங்கள் ஊர்ப் பள்ளி பத்தோடு சரி. பிளஸ் டூ படிக்க ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அந்தச் சாயங்கால பஸ் வராத நாளில் வயசுப் பெண் எப்படி வீடு திரும்புவாள் என்ற ஒரே கேள்வியில் என் படிப்பு முடிந்தது. அப்பாவுக்குப் படிப்பின் மேல் வெறுப்பெல்லாம் கிடையாது. அந்த ஏழு கிலோமீட்டரைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. அண்ணனுக்கு அதே ஏழு கிலோமீட்டர் ஒரு தூரமாகவே தெரியவில்லை, சைக்கிளில் போய் வந்தான்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் வீடுதான். ஆடு, அடுப்பு, கடலைச் சீசனில் கடலை ஆயும் வேலை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழிக்கு 1988-ல் கல்யாணம் ஆனது. வயது பதினாறு. பெண்ணுக்குப் பதினெட்டு ஆக வேண்டும் என்று 1978-லேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. அந்த மார்கழியில் எனக்கும் பேச்சு எழுந்தது. தை பிறந்ததும் முகூர்த்தம் என்றார்கள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பவுன் கூடக் கேட்க, அப்பாவால் முடியாமல் பேச்சு முறிந்தது. வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. நான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து, புகையால் கண்ணீர் வருகிற மாதிரி நிம்மதியாக அழுதேன். சட்டம் காப்பாற்றாத என்னை அந்த ஐந்து பவுன் காப்பாற்றியது!

அந்த ஐந்து பவுன் இன்னொன்றையும் செய்தது. அது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1989 மார்ச் 25 முதல், கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அது பொருந்தவில்லை. தையில் எனக்குத் தாலி ஏறியிருந்தால் நானும் அந்தப் பக்கம் நின்றிருப்பேன். பிற்பாடு நிலம் பிரித்தபோது ஒன்றரை ஏக்கர் வானம் பார்த்த பூமியில் 50 சென்ட்டை அண்ணன் மனம் கோணாமல் என் பெயருக்கு எழுதினான். என் தோழி வீட்டில் அவளைக் கேட்கவே இல்லை. கல்யாணம் ஆன தேதியை வைத்துப் பிரிக்கும் அந்த வித்தியாசம், 2005-ல் மத்திய சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் நீங்கியது. அதற்குள் அவள் வீட்டு நிலம் பாகம் பிரித்து முடிந்து போயிருந்தது.

1991 என் வாழ்க்கையில் மறக்க முடியாத வருஷம். ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்து 1989-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அதனால் பத்தொன்பது வயதில் எனக்கு ஓட்டு வந்துவிட்டது. அந்த ஜூன் மாதம் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்ந்தே தேர்தல். ரெண்டு சீட்டு கொடுத்தார்கள். யாருக்குக் குத்த வேண்டும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மறைப்புக்குள்ளே போனதும், இங்கே என்னைத் தவிர யாரும் இல்லையே என்று ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன். யாருக்குக் குத்தினேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதே வருஷம்தான் எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார் பட்டிதொட்டி எல்லாம் வந்து போனார். பத்தாவது படித்த பிள்ளைகள் தொண்டர்களாக வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளம் கிடையாது. "பொட்டப்புள்ளை ராத்திரியில வெளிய போறதா?" என்று அப்பத்தா குதித்தாள். அம்மாதான், "எங்க போறா? நம்ம தெருவுல, நமக்குத்தானே சொல்லித் தரப் போறா. நானும் வந்து உக்கார்றேன்" என்று முடித்து வைத்தாள். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் சுற்றி உட்காருவார்கள். களை எடுத்துவிட்டு வந்த கை, மாவாட்டிய கை, கல் உடைத்த கை. அந்தக் கைகளைப் பிடித்து எழுத வைத்தபோதுதான், எனக்கும் ஏதோ தெரியும் என்ற நினைப்பே வந்தது. அம்மா தன் பெயரை முதன்முதலாகப் பார்க்காமல் எழுதிய அன்று, சிலேட்டை அழிக்கவே விடவில்லை. சாமி மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அறிவொளியில் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கென்றே ஒரு பாட்டுகூடப் பாடுவார்கள். பக்கத்துக் குடியிருப்பிலும் வகுப்பு நடத்த வேண்டியிருந்ததால் எனக்கும் சைக்கிள் தேவைப்பட்டது. "உங்க சைக்கிள் சாயங்காலம் சும்மாதானே நிக்குது" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். அப்பா பதில் சொல்லாமல் சாவியை மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதுதான் சம்மதம்! தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் ஏறினேன். டீக்கடையில் கேலி பேசினார்கள். ரெண்டு மாதத்தில் ஊரில் பத்துப் பெண்கள் ஓட்டினார்கள். அப்புறம் யாரைக் கேலி செய்வது? அவரவர் வீட்டுப் பெண்ணே எதிரில் மணி அடித்துக்கொண்டு வருகிறாள்!

தாய்வீட்டுக்கு வந்திருந்த என் பழைய பெஞ்சுத் தோழியும் கற்றுக்கொண்டாள். பத்தொன்பது வயதில் ரெண்டு குழந்தைக்குத் தாய். ஒரு நாள் பெரிய குழந்தையை முன்னால் பாரில் உட்கார வைத்து, தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டி ஓட்டி வந்தவள், "ஏ புள்ள, எனக்கும் இப்பத்தான்டி வயசு வந்த மாதிரி இருக்கு" என்றாள். எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

1992-ல் எங்கள் மாவட்டத்தை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். நான் அதே சைக்கிளில் ஏழு கிலோமீட்டர் போய், பழைய புத்தகம் வாங்கிப் படித்து, தனித்தேர்வராக எழுதி 1993-ல் பிளஸ் டூ தேறினேன். 1994-ல் இருபத்திரண்டு வயதில் கல்யாணம். பெண் பார்க்க வந்தவரிடம் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று நானே கேட்டேன். கதவுக்குப் பின்னால் நின்ற அப்பத்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் சம்மதம் சொன்னேன்.

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. 2000-க்குப் பிறகு பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. இதையெல்லாம் பார்க்கும்போது மனசு குளிர்கிறது. ஆனாலும் வீட்டுக்குள்ளே நாம் பழைய கணக்கையே போடுகிறோம். பிளக்ஸ் வைத்து, மண்டபம் பிடித்துச் சடங்கு செய்கிறோம். மறுநாள் முதல், "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்கிறோம்.

உடம்பு வளர்வது தானாக நடக்கிறது. பொறுப்பு வளர, நாம்தான் ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்க வேண்டும். பத்து வயது தாண்டிய பிள்ளை தபால் ஆபீசில் தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே கையெழுத்துப் போடலாம். அழைத்துப் போங்கள். பக்கத்து ஊருக்குத் தனியாகப் பஸ் ஏற்றி அனுப்புங்கள். வீட்டுச் செலவுக் கணக்கை ஒரு மாதம் அவளிடம் விடுங்கள். கணக்கு உதைத்தால் உதைக்கட்டும். அவள் உடம்பைப் பற்றி அவளுக்கு வரும் சந்தேகத்தை நீங்களே உட்கார்ந்து விளக்குங்கள். கல்யாணப் பேச்சு எழும்போது முதலில் அவளைக் கேளுங்கள். பத்திரமாக இருக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே, நீ செய்வாய் என்றும் சொல்லுங்கள்.

எனக்கு அந்த வார்த்தையை, எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா சொன்னாள். படித்த நாம் சொல்லக் கூடாதா, தோழியரே?

- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.