தங்கூசி முறுக்கினால் மீன் போச்சு!

பெரிய மீன் கொத்தியது. ஆசையோடு இழுத்தார். "பட்" டென்று தங்கூசி அறுந்தது. மீனும் போச்சு, கொக்கியும் போச்சு! "என்னய்யா இது?" என்று தலையில் கை வைத்தார்.

நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை விட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகமும் வந்தது. இந்த மீனுக்குப் புழு வேண்டாம். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ போதும்.

வம்பே அந்த ஈயில்தான்! கோணலாகக் கட்டிய ஈ, வீசும்போது காற்றாடி போலச் சுழலும். வீச வீசத் தங்கூசி முறுக்கேறும். பிறகு சுருள் விழும். சுருள் இறுகினால் முடிச்சு. முடிச்சு விழுந்த இடத்தில் பலம் குறையும்.

வைத்தியம் என்ன?

ஈயை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெறும் தங்கூசியை ஓடும் தண்ணீரில் நீளமாக விட்டு, சில நிமிடம் பிடித்திருந்தால் போதும். முனை தானாகச் சுழன்று முறுக்கு அவிழும். பிறகு இரு விரலுக்கு நடுவே விட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும்.

மறுபடியும் முறுக்குதா? ஈயை மாற்ற வேண்டியதுதான். சின்ன ஈ நல்லது. தங்கூசியும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும்.

கெட்டுப்போன தங்கூசியைக் கரையில் வீசக்கூடாது. பறவையின் காலில் சுற்றிக்கொண்டால், அவிழ்த்துவிட யார் வருவார்?